இசே ஜிங்கூ ஆலயத்துக்கு முதன்முறை செல்கிறீர்களா? வரிசை தவறாமல் வழிபட ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் மியே மாகாணத்தில் உள்ள இசே ஜிங்கூவுக்கு வருபவர்கள் பலர் மதியம் வந்து இறங்கி, நேராகப் பெரிய சன்னதிக்குப் போய், ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றுவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டபடி திரும்புகிறார்கள். நண்பர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. இங்கே கண்ணுக்குக் காட்டுவது குறைவு. எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் நடப்பது, எதைக் கழுவுவது, எங்கே என்ன வேண்டுவது என்ற வரிசைதான் இங்கே வழிபாடு. அந்த வரிசையைத் தவறவிட்டால் காட்டுக்குள் சுற்றிவிட்டு வந்த நினைவு மட்டுமே மிஞ்சும்.

இசே ஜிங்கூ என்பது ஒரே கோயில் அன்று. 125 ஆலயங்களின் தொகுதி அது. அவற்றில் முதன்மையானவை இரண்டு. ஒன்று உணவுக்கும் உடைக்கும் உறையுளுக்கும் காவலான தொயோஉகே தெய்வம் உறையும் கெகூ. மற்றொன்று சூரிய தெய்வமான அமதெராசு உறையும் நைக்கூ. இந்த வழிகாட்டி இந்த இரண்டையும் ஒரே நாளில், முறைப்படி வழிபடுவதற்கானது.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

முழு நாளை ஒதுக்குங்கள். இரண்டு ஆலயங்களுக்கும் இடையே நான்கைந்து கிலோமீட்டர் தொலைவு உண்டு. ஒவ்வொன்றின் உள்ளேயும் நிதானமாக நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் தேவை.

நுழைவுக் கட்டணம் இல்லை. இரண்டுமே காலை 5 மணிக்குத் திறக்கின்றன. மூடும் நேரம்தான் மாறும்: ஜனவரி முதல் ஏப்ரல் வரையும் செப்டம்பரிலும் மாலை 6 மணி, மே முதல் ஆகஸ்ட் வரை 7 மணி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 5 மணி. இலையுதிர்காலத்தில் வருபவர்கள் இந்த 5 மணியைக் கவனிக்காமல்தான் ஏமாறுகிறார்கள்.

புத்தாண்டின் முதல் சில நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது நடக்கவே வரிசையில் நிற்க வேண்டும். மாதத்தின் முதல் நாளிலும் அதிகாலையிலேயே கூட்டம் வந்துவிடும், மாதப் பிறப்பன்று வழிபடும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் 1, 11, 21 ஆகிய தேதிகளில் காலை 8 மணி அளவில் ஆலயத்தின் குதிரையைச் சன்னதிக்கு அழைத்து வந்து வணங்க வைப்பார்கள். அதைக் காண விரும்பினால் கூட்டம் குறைந்த 11 அல்லது 21 நல்லது.

முடிந்தால் முந்தைய இரவே இசே நகரில் தங்கிவிடுங்கள். காலை 7 மணிக்குக் கெகூவுக்குள் இருப்பவரும் 11 மணிக்கு வருபவரும் ஒரே ஆலயத்தைப் பார்ப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. சுற்றுலா பஸ்கள் வரும் முன் பறவைச் சத்தமும் கூழாங்கல் மிதிபடும் ஓசையும் மட்டுமே இருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை, இருக்கக் கூடாதவை

பாதை முழுவதும் கூழாங்கல் கொட்டியது. செருப்பு அணிந்தால் பத்தடிக்கு ஒரு முறை கல் உள்ளே புகும். மூடிய, தட்டையான காலணி அணியுங்கள். சக்கரப் பெட்டியை அந்தக் கல்லில் இழுக்கவே முடியாது. ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு வருவதுதான் வழி.

காலணியைக் கழற்ற வேண்டாம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நம் ஊர்க் கோயில் பழக்கத்தில் தொரீ வாசலைக் கண்டதும் குனிந்து கழற்றத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிப்பாதை முழுவதும் காலணியோடுதான் நடக்க வேண்டும். காகுரா (தெய்வத்துக்கான இசையும் நடனமும்) மண்டபத்தில் சிறப்பு வழிபாட்டுக்கு உள்ளே போனால் மட்டுமே கழற்ற வேண்டியிருக்கும்.

ஒரு சிறு கைத்துண்டு அவசியம். கழுவிய கையைத் துடைக்க அங்கே எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். காணிக்கைக்குச் சில நாணயங்களைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சன்னதி முன் நின்று பையைத் திறந்து தேடினால் பின்னால் நிற்பவர்களுக்கு இடைஞ்சல்.

பூ, பழம், தேங்காய், கற்பூரம் எதுவும் வேண்டாம். தெய்வத்துக்குப் படைப்பதை ஆலயத்தாரே தங்கள் வயலிலும் தோட்டத்திலும் விளைவித்துப் படைக்கிறார்கள்.

உடைக்குக் கட்டாய விதி இல்லை. அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும். தொப்பி அணிந்திருந்தால் வாசலிலேயே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் அண்மையில் இறப்பு நேர்ந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நெருங்கிய உறவினர் இறந்து 50 நாட்கள் வரை ஷிண்டோ என்ற ஜப்பானிய மரபுச் சமயத்தின் ஆலயத்துக்குள் செல்லாதிருப்பது அங்குள்ள வழக்கம். தீட்டு என்ற நம் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

3. ரயில்: இசேஷி நிலையத்தில் இறங்குங்கள்

ஒசாகா நம்பாவிலிருந்து கிந்தெத்சு என்ற தனியார் நிறுவனத்தின் விரைவு ரயிலில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம், கியோத்தோவிலிருந்து இரண்டு மணி நேரம், நகோயாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தோக்கியோவிலிருந்து வருபவர்கள் நகோயா வரை ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் வந்து மாற வேண்டும்.

இந்த விரைவு ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உட்பட்டவை. சாதாரணக் கட்டணத்துக்கு மேல் விரைவு டிக்கெட் தனி. பயண அட்டையை மட்டும் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால், நடத்துனர் வந்ததும் எழ வேண்டியிருக்கும்.

ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கிந்தெத்சு ரயிலில் அது செல்லாது. நகோயாவிலிருந்து வரும் ஜேஆரின் மியே ரயிலில் ஏறலாம், ஆனால் வழியில் ஒரு பகுதி இசே ரயில்வேக்குச் சொந்தமான பாதை. அந்தத் தூரத்துக்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள்.

இறங்க வேண்டியது இசேஷி நிலையம். அங்கிருந்து கெகூ நடை தூரம்தான். வரைபடத்தில் நைக்கூவுக்கு அருகில் இசுசுகாவா என்ற நிலையம் தெரியும். அங்கே இறங்கினால் வரிசை தலைகீழாகிவிடும்.

4. கெகூவே முதலில்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஆலயத்தின் சடங்குகளே முதலில் கெகூவில் நடந்த பிறகுதான் நைக்கூவில் நடக்கின்றன. வழிபட வருபவர்களும் அதே முறையைப் பின்பற்றுகிறார்கள். ஒன்றை மட்டும் வணங்கிவிட்டுப் போவதை அரைகுறை வழிபாடாகவே இசே மக்கள் கருதுகிறார்கள்.

காரணம் தெளிவானது. கெகூ தெய்வம் அமதெராசுவுக்கு உணவளிக்க இங்கே அழைத்து வரப்பட்ட தெய்வம். கெகூவில் ஒரு தனிக் கட்டடத்தில் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் தெய்வங்களுக்கு உணவு படைக்கிறார்கள். மரத்தை மரத்தோடு உரசித் தீ மூட்டிச் சமைத்த சோறு, உப்பு, நீர், மீன், கடற்பாசி, காய், கனி, சாக்கே என்ற அரிசி மது என்று அந்தப் படையல் அமையும். இது நாள் தவறாமல் நடக்கிறது. உணவிட்டவரை முதலில் வணங்கிவிட்டு அப்புறம் பெரிய சன்னதிக்குச் செல்வது அந்த முறைக்குப் பொருத்தம்.

நடைமுறைக் காரணமும் உண்டு. நைக்கூ வாசலில் கடைத்தெரு இருக்கிறது. அங்கே முதலில் போனவர்கள் சாப்பிட்டு, கடை சுற்றி, களைத்து, கெகூவை விட்டுவிடுகிறார்கள்.

5. தொரீ வாசலில் வணங்கி, ஓரமாக நடங்கள்

தொரீ என்ற மர வாசலுக்கு முன் ஒரு கணம் நின்று, லேசாகத் தலை வணங்கிவிட்டு உள்ளே செல்லுங்கள். திரும்பும்போதும் வாசலைக் கடந்தபின் சன்னதிப் பக்கம் திரும்பி வணங்க வேண்டும். சிவப்பு வாசலை எதிர்பார்த்து வராதீர்கள். இசேயில் தொரீகள் சாயம் பூசாத மரம். பக்கத் தூண்களில் சகாகி என்ற புனித மரத்தின் இலைக் கொத்துகள் கட்டியிருக்கும்.

பாதையின் நடுப்பகுதி தெய்வத்துக்கு உரியது. எனவே ஓரமாக நடக்க வேண்டும். எந்த ஓரம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்: கெகூவில் இடப்பக்கம், நைக்கூவில் வலப்பக்கம். கை கழுவும் இடம் கெகூவில் இடப்புறமும் நைக்கூவில் வலப்புறமும் இருப்பதால் இப்படி அமைந்தது என்பார்கள். நினைவில் வைக்க வழி: கழுவும் தொட்டி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

உள்ளே உண்ணவும் புகைக்கவும் கூடாது. பேசலாம், ஆனால் தணிந்த குரலில்.

6. கை, வாய் கழுவுதல்

நிதானம் மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். ஒரே ஒரு அகப்பை நீரில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். நடுவில் மீண்டும் மொள்ளக் கூடாது. அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும்.

வலக்கையால் அகப்பையை எடுத்து நிறைய மொண்டு, முதலில் இடக்கையைக் கழுவுங்கள். அகப்பையை இடக்கைக்கு மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் நீரை ஊற்றி, அந்த நீரால் வாயைக் கொப்பளியுங்கள். வாய் பட்ட இடக்கையை இன்னொரு முறை கழுவுங்கள்.

கடைசியாக அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மிஞ்சிய நீர் கைப்பிடி வழியாக வழிந்து, நீங்கள் பிடித்த இடத்தைக் கழுவிவிடும். அடுத்து வருபவருக்குச் சுத்தமாகக் கொடுப்பதே இதன் நோக்கம். பிறகு குழிப்பகுதி கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. அகப்பையையே வாயில் வைப்பது, கொப்பளித்ததைத் தொட்டிக்குள் துப்புவது, கழுவிய நீரை மீண்டும் தொட்டிக்குள்ளேயே விழவிடுவது. நீர் எப்போதும் தொட்டிக்கு வெளியே, கீழே உள்ள கல் வடிகாலில் விழ வேண்டும். வாயை இடக்கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே துப்புங்கள். கொரோனா காலத்துக்குப் பின் பல ஆலயங்களில் அகப்பையை எடுத்துவிட்டுக் குழாய் நீர் ஓடவிட்டிருக்கிறார்கள். அப்படி இருந்தால் அதே வரிசையில் ஓடும் நீரில் கழுவினால் போதும்.

7. சன்னதி முன்: இருமுறை வணங்கு, இருமுறை கைதட்டு, ஒருமுறை வணங்கு

முதன்மைச் சன்னதியை ஷோகூ என்பார்கள். பல அடுக்கு மரவேலிகளுக்கு நடுவே அது நிற்கிறது. பொதுமக்கள் வெளிப்புற வேலியின் வாயில் வரைதான் போக முடியும். அங்கே வெள்ளைத் துணித் திரை தொங்கும். சிலையோ படமோ தெரியாது. உள்ளே இருப்பதைக் காண முயல வேண்டாம். வேலிக்கு மேல் கோரை வேய்ந்த கூரையின் முகடும் குறுக்குக் கட்டைகளும் தெரியும். அதற்கு மேல் காண்பது மரபு இல்லை. சில சமயம் காற்று வந்து திரையைத் தூக்கும். அந்தக் கணத்தில் வெள்ளைக் கற்கள் பரப்பிய முற்றம் தெரிந்து மறையும். அதைத் தெய்வம் வரவேற்றதாகக் கொள்பவர்கள் உண்டு.

இங்கே உண்டியல் கிடையாது. முற்காலத்தில் இங்கே தனிமனிதக் காணிக்கையே தடை செய்யப்பட்டிருந்தது, பேரரசருக்கு மட்டுமே அந்த உரிமை. இப்போது மக்கள் நாணயம் இடுவதால் தரையில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள். மெதுவாக இடுங்கள், தொலைவிலிருந்து வீச வேண்டாம். ஒலிக்க மணியும் இல்லை, தேடாதீர்கள்.

நிமிர்ந்து நின்று, இடுப்பிலிருந்து ஆழமாக இருமுறை வணங்குங்கள். மார்பளவில் கைகளைச் சேர்த்து, வலக்கையைச் சற்றுக் கீழே இழுத்து, இருமுறை தட்டுங்கள். கைகளைச் சமமாகச் சேர்த்து மனத்துக்குள் வேண்டுங்கள். கடைசியில் ஒருமுறை ஆழமாக வணங்குங்கள். ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் அவசரப்படாமல் தட்டுங்கள். ஜப்பானில் இசுமோ போன்ற சில ஆலயங்களில் நான்கு முறை தட்டுவார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

என்ன வேண்டுவது? ஷோகூவில் நன்றி மட்டும் சொல்வது வழக்கம். தேர்வு, வேலை, திருமணம் போன்ற சொந்த வேண்டுதல்களை அடுத்து வரும் துணைச் சன்னதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெகூவில் தகா நோ மியா, நைக்கூவில் அராமத்சுரி நோ மியா ஆகியவை அதற்கான இடங்கள். அந்த இரண்டிலும் தெய்வத்தின் செயல்படும் ஆற்றல் உறைவதாக நம்பிக்கை.

சன்னதியைச் சுற்றி வலம் வர வழி இல்லை. விழுந்து வணங்குவதும் அங்கே வழக்கத்தில் இல்லை. நடுவில் நீண்ட நேரம் நிற்க விரும்பினால் வணங்கியபின் ஓரமாக விலகி நில்லுங்கள்.

8. கெகூவில் அடுத்து

ஷோகூவை வணங்கியபின் பக்கத்தில் ஒரு வெற்று நிலத்தைப் பாருங்கள். கூழாங்கல் பரப்பிய அந்த மனையில்தான் 2013 வரை சன்னதி இருந்தது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தால் அதே அளவில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். அடுத்தது 2033-இல். அதற்கான சடங்குகள் 2025-இல் தொடங்கிவிட்டன. எனவே இனி வரும் ஆண்டுகளில் செல்பவர்கள் வேலைகள் நடப்பதைக் காணலாம்.

எதிரில் கயிறு கட்டிய மூன்று கற்கள் இருக்கும். யாரோ அதன்மேல் கையை நீட்டி ஆற்றல் பெறுவதாக நிற்பதைப் பார்த்து எல்லோரும் அப்படியே செய்கிறார்கள். அது புதுப்பிக்கும் விழாவின்போது தூய்மைச் சடங்கு நடத்தும் இடம். கை நீட்டுவது மரபில் இல்லை, ஒதுங்கிச் செல்லுங்கள்.

பிறகு தகா நோ மியா. 98 கற்படிகள் ஏற வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்காகப் படியடியில் தொலைவிலிருந்து வணங்கும் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வணங்கினால் குறையில்லை. இறங்கி வந்து சுச்சி நோ மியா, காசே நோ மியா இரண்டையும் வணங்கிவிட்டு வெளியேறுங்கள்.

9. நைக்கூ

கெகூ வாசலிலிருந்து 51, 55 எண் பஸ்கள் நைக்கூவுக்குப் போகின்றன. கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் ஆகும். விடுமுறை நாட்களில் சாலை அடைத்துக்கொள்ளும், அதற்கேற்ப நேரம் வையுங்கள்.

இறங்கியதும் கடைத்தெருப் பக்கம் திரும்பாமல் நேராக உஜி பாலத்துக்குச் செல்லுங்கள். இசுசு ஆற்றின் மேல் சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு மரத்தாலான பாலம். இரண்டு முனைகளிலும் நிற்கும் தொரீகள், பழைய சன்னதிகளின் முகட்டைத் தாங்கிய தூண்களை இழைத்துச் செய்தவை. கெகூவின் தூண் வெளிமுனையில், நைக்கூவின் தூண் உள்முனையில். வலப்பக்கமாகக் கடக்கவும்.

கை கழுவும் தொட்டியைத் தாண்டி வலப்புறம் இறங்கினால் ஆற்றங்கரை. கல் பாவிய அந்தக் கரையில் ஆற்று நீரிலேயே கை கழுவுவதுதான் பழைய முறை. முடிந்தவரை இதைத் தவறவிடாதீர்கள். தெளிந்த நீரில் மீன்கள் நின்று நீந்துவது கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கல் வழுக்கும். மழைக்குப் பின் நீர் உயர்ந்திருந்தால் இறங்க வேண்டாம். ஆற்றில் காசு போடுவதும் கூடாது.

அங்கிருந்து காகுரா மண்டபத்தைக் கடந்து, உயர்ந்த ஊசியிலை மரங்களுக்கிடையே நடந்தால் ஷோகூவின் கற்படிகள் வரும். படம் எடுப்பதாக இருந்தால் படிக்குக் கீழேயே முடித்துவிடுங்கள். படியில் கால் வைத்தபின் படம் எடுக்கத் தடை. காவலர் வந்து சொல்லும்வரை காத்திராமல் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு ஏறுங்கள். மேலே கெகூவில் செய்ததே.

திரும்பும் வழியில் அராமத்சுரி நோ மியா. அங்கே உங்கள் வேண்டுதலைச் சொல்லலாம். நேரம் இருந்தால் சிறு பாலம் கடந்து காசாஹினோமி நோ மியாவுக்கும் போகலாம்.

10. முத்திரையும் குறிச் சீட்டும்

ஆலயந்தோறும் முத்திரை பதித்து வாங்கும் குறிப்பேடு வைத்திருப்பவர்கள் வழிபட்ட பிறகுதான் அதை நீட்ட வேண்டும். வணங்கியதற்கான அடையாளம் அது. போகிற போக்கில் கொடுத்துவிட்டு வரும்போது வாங்குவது முறையன்று. இரண்டு ஆலயங்களிலும் காகுரா மண்டபத்தில் தருகிறார்கள். சிவப்பு முத்திரையும் தேதியும் மட்டுமே இருக்கும். பிற ஆலயங்களின் அழகான பெரிய எழுத்துகளை எதிர்பார்த்துக் கூடுதலாக எழுதித் தரக் கேட்காதீர்கள்.

பிற ஆலயங்களில் கிடைக்கும், பலன் சொல்லும் குறிச் சீட்டு இங்கே விற்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறை இசேக்கு வர முடிந்தாலே அது நல்ல நாள்தான், தனியே குறி எதற்கு என்பது அந்நாளைய எண்ணம்.

11. சாப்பாடும் திரும்பும் பஸ்ஸும்

பாலத்தைக் கடந்து வெளியே வந்து, திரும்பி வணங்கியபின் ஒஹராய்மாச்சி கடைத்தெருவுக்குள் போகலாம். 1707 முதல் இருக்கும் அகாஃபுகு கடையில் மோச்சி சாப்பிடுங்கள். மெல்லிய அரிசி மாவுருண்டையின்மேல் சிவப்புப் பயறு விழுதை மூன்று விரல் தடம் பதித்துப் பூசியிருப்பார்கள். அந்தத் தடங்கள் இசுசு ஆற்றின் ஓட்டம், வெள்ளை மாவு அதன் அடியில் கிடக்கும் கல். சைவ உணவுக்காரர்கள் தயங்காமல் சாப்பிடலாம். ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், இது ஓரிரு நாட்களுக்கு மேல் தாங்காது என்பதை மனத்தில் வையுங்கள்.

இசே ஊதோன் பருமனான, மிக மென்மையான நூடுல்ஸ். கருஞ்சாற்றில் பிரட்டித் தருவார்கள். பார்வைக்கு இறைச்சி எதுவும் தெரியாது. ஆனால் அந்தச் சாற்றில் மீன் வடிநீர் சேர்ந்திருக்கும். சைவம் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

கடைகள் மாலையில் சீக்கிரமே மூடத் தொடங்கும். ஆலயம் மூடும் வேளையில் எல்லோரும் ஒன்றாக பஸ் நிறுத்தத்துக்கு வருவார்கள். திரும்பும் ரயிலுக்கு இருக்கை எடுத்திருந்தால், அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது பஸ் வரிசையில் நின்றுவிடுங்கள். லாக்கரில் பெட்டி வைத்திருப்பவர்கள் இசேஷி நிலையத்துக்குப் போகும் பஸ்தானா என்று ஏறும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.